கம்மல் செண்பகத்திடம் இருக்கிறது

கம்மலைச் செண்பகத்தின் கையில் கொடுத்திருக்கக் கூடாது என்று உலகம்மாளுக்கு உறைத்தபோது, அவள் தலை மெஷினுக்குள் போய்விட்டிருந்தது. இனி நாற்பது நிமிஷம் அசையக் கூடாது. ஸ்கேன் எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலையைச் சுற்றி ஒரு கூண்டை மாட்டி, காதில் பெரிய ஹெட்போனை வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, "பயமா இருந்தா இத அமுக்குங்க ஆன்ட்டி, நான் வந்துருவேன். மத்தபடி ஆடவே கூடாது, படம் கலைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பயம் என்றால் எந்தப் பயம் என்று அவள் சொல்லவில்லை. இந்த வெள்ளைக் குழாய்க்குள் கையும் காலும் நீட்டிக் கிடக்கிற பயமா, படத்தில் என்ன வரப்போகிறதோ என்கிற பயமா, இல்லை, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பைக்குள் அக்காளுடைய ஒற்றைக்கல் கம்மலை வைத்துக்கொண்டு, நாற்பது நிமிஷம் கேட்க நாதியில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஐம்பத்தைந்து வயதுத் தங்கச்சியைப் பற்றிய பயமா? மூன்றாவது பயத்துக்குப் பந்தை அமுக்கினால் வருவார்களா என்று உலகம்மாள் யோசித்தாள். உடம்பில் குண்டூசி கூட இருக்கக் கூடாது, காந்தம் இழுத்துவிடும் என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். வளையல், மோதிரம், தாலிச்சங்கிலி, கொண்டை ஊசி ஏழு. தாலிச்சங்கிலியைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அடுத்தவள் தாலியை வைத்துக்கொண்டு செண்பகம் என்ன செய்யப் போகிறாள்? கம்மல் அப்படி இல்லை. அதைக் கழற்றிக் கொடுத்த கையோடு செண்பகம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு ஈர்க்குச்சித் துண்டை எடுத்தாள். வீட்டிலேயே தென்னை ஈர்க்கைச் சீவி, மஞ்சள் தடவி, அளவாக நறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். "மூளிக்காதோட உள்ள போவாதக்கா, நல்லா இருக்காது" என்று இரண்டு காதுத் துளையிலும் செருகிவிட்டாள். ஸ்கேன்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இது எந்தச் சாமிக்கு என்று கேட்டாள். இப்போது ஹெட்போன் அழுத்த அழுத்த இடது காதில் ஈர்க்கு குத்துகிறது. இடது காது. வைரம் இருந்த காது.

இரண்டு காதிலும் வைரம் இல்லையா என்று கேட்டால், இல்லை. அதுதான் விஷயமே. அது அம்மாவின் கம்மல். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் இலையில் உட்கார்ந்து எழுந்த பிறகு, கம்மல் யாருக்கு என்ற பேச்சு வந்தது. அக்காளும் தங்கச்சியும் ஒரே மூச்சில், "எனக்குத்தான்னு அம்ம சொல்லியிருக்கா" என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அம்மா இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தாள், தனித்தனியாக, "அவகிட்டச் சொல்லிக்கிடாத" என்று சேர்த்து. அம்மாவுக்கு அது கைவந்த கலை. தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைப்பதில் ஒன் கைப்பக்குவம் அவளுக்கு வராது என்று உலகம்மாளிடம் சொன்னாள். அதே வாயால் செண்பகத்திடமும் அதையேதான் சொன்னாள் என்பது அந்தப் பதினாறாம் நாளில்தான் இருவருக்கும் தெரிந்தது. அன்றைக்கு அழுததில் பாதி அழுகை சொதிக்காகத்தான். தாய்மாமா மத்தியஸ்தத்துக்கு வந்தார். "ஒருத்தி கம்மல எடுங்க, ஒருத்தி கைக்காப்ப எடுங்க, முடிச்சிருவோம்" என்றார். காப்பை ஒருத்தியும் தொடவில்லை. அந்தக் காப்பு கடைசியில் யார் வீட்டுக்குப் போனது என்று இன்றைக்கு வரைக்கும் அக்காளுக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. கவனிக்க நேரம் இருந்தால்தானே. கடைசியில் ஆளுக்கு ஒன்று என்று ஜோடியைப் பிரித்தார்கள். நகை செய்கிற ஆசாரி தலையில் கைவைத்துக்கொண்டு, "ஒத்தக் காதுல போட்டுக்கிட்டா நிக்கப் போறிய?" என்று கேட்டார். அதற்கும் வழி பிறந்தது. இரண்டு பேரும் அவரிடமே, ஒருத்தி காலையில், ஒருத்தி சாயங்காலம், தன் கல்லுக்கு ஜோடியாக அதே அளவில் அதே கட்டில் ஒரு போலிக்கல் செய்து தரச் சொன்னார்கள். ஆகவே இந்தப் பன்னிரண்டு வருஷமாக உலகம்மாள் காதில் ஒன்று வைரம், ஒன்று சும்மா. செண்பகம் காதிலும் அதே கணக்கு. எந்தக் காதில் எது என்று கட்டிய புருஷனிடம்கூட இருவரும் சொன்னதில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி நிற்பார்கள். மேடையில் இடம் பிடிக்க அப்படி ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். மாப்பிள்ளை பெண் இரண்டு பேரும் நடுவில் நசுங்குவார்கள்.

மெஷின் முதலில் டொக் டொக் என்றது. பிறகு நாலைந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு மாவு மில்லில் கோதுமையைக் கொட்டியதும் ஒரு இரைச்சல் கிளம்புமே, அந்த இரைச்சல், தரையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஏறிப் பல்லுக்குள் போய் நின்றது. ஹெட்போனில் யாரோ புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மில்லில் நின்றுகொண்டு புல்லாங்குழல் கேட்பது மாதிரி இருந்தது. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் மூக்குக்கு நேரே இருக்கிற வெள்ளைக் கூரை இல்லை. வேண்டுமானால் இதை வீட்டுக் கட்டில் என்று நினைத்துக்கொள்ளலாம், மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்திருக்கிறோம், தலைக்கு மேல் பேன் ஓடுகிறது, புருஷன் பூனாவில் மகன் வீட்டில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பிளைட்டில் ஏறி வந்து, இவளுக்கு முன்னால் அவர் மயங்கி விழுவார், பிறகு இரண்டு கட்டில் பார்க்க வேண்டும். செண்பகத்திடமும் சொல்வதாக இல்லை. மூன்றாம் தடவை தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோது செண்பகம் போனில் இருந்தாள். சத்தம் கேட்டு, "என்னத்தப் போட்ட?" என்றாள். போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலை சுற்றியது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாளே செண்பகத்துக்கும் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவள் எப்போதும் அப்படித்தான். அக்காளுக்குப் பிரஷர் என்று தெரிந்த மாதமே தங்கச்சிக்குச் சர்க்கரை வந்தது, அதுவும் எடுத்த எடுப்பிலேயே முன்னூறு. பிரிட்ஜும் அப்படித்தான், அக்காள் வாங்கியது ஒரு கதவு, தங்கச்சி வாங்கியது இரண்டு கதவு. பிள்ளைகளும் அப்படித்தான். அக்காளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது, அப்பா பேரை வைக்கலாம் என்று ஆசை ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான பத்தாம் மாதமே பெற்று, சங்கரலிங்கம் என்று பேரையும் வைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டாள் தங்கச்சி. விடுவாளா உலகம்மாள்? தன் பிள்ளைக்கும் அதே பேரைத்தான் வைத்தாள். வைத்து என்ன, தங்கச்சி பிள்ளை ஏழு மாதம் மூத்தவன் என்பதால் சொந்தத்தில் எல்லோருக்கும் அவன் பெரிய சங்கர், இவன் சின்ன சங்கர். முப்பது வருஷமாக அக்காள் பெற்ற பிள்ளை சின்னவன். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒருவன் அப்படித்தான் அச்சடித்தான்.

தலைசுற்றல் தங்கச்சிக்கு நாலு நாளில் சரியாகிவிட்டது. அக்காளுக்கு ஆகவில்லை. காலையில் எழுந்தால் பின்மண்டையில் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வலி. இடது கைக்குத் தன் இஷ்டம். பிறகு ஒரு நாள் அந்த வார்த்தை போனது. மாவு சலிக்கிற சாமான், வட்டமாக, அடியில் வலை அடித்து. கையில் வைத்திருக்கிறாள், பேர் வரவில்லை. வேலைக்கு வருகிற பொன்னுத்தாயிடம் கேட்க வெட்கப்பட்டு, மத்தியானம் முழுக்கத் தேடினாள். ராத்திரி படுத்த பிறகு தானாக வந்தது, சல்லடை. இப்போது சொல்லிப் பார்த்தாள். சல்லடை, முறம், அரிவாள்மணை, தோசைத் திருப்பி, புட்டுக் குழல். எல்லாம் வருகிறது. பழைய வீட்டு டெலிபோன் நம்பர் வருகிறது. பெரிய சங்கர் பெண்டாட்டி பேர்? வரவில்லை. வரவில்லை. வந்துவிட்டது, நிவேதா. அவளை நினைத்தாலே மறந்துபோகத்தான் தோன்றும், அது வியாதியில் சேராது. புட்டுக் குழலுக்கு அடுத்தது என்ன சொன்னோம்? தோசைத் திருப்பி. அது முன்னால் சொன்னது. மெஷின் இப்போது வேறு மாதிரி, ட்ர்ர்ர் என்று நீட்டி, நிறுத்தி, நீட்டியது. இந்தச் சத்தமெல்லாம் தலைக்குள் போய் என்ன செய்கிறது? உள்ளே இருக்கிறதைத் தட்டிப் பார்க்கிறது போல, தேங்காய் வாங்கும்போது சுண்டிப் பார்க்கிற மாதிரி. நல்ல தேங்காய் ஒரு மாதிரிச் சத்தம் போடும். அழுகல் வேறு மாதிரி. கடைக்காரனுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான்.

டாக்டரும் சொல்லவில்லை. விரலைப் பார்க்கச் சொன்னார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், முழங்காலில் சுத்தியால் தட்டினார், "படம் எடுத்துப் பாத்துருவோம்மா, கம்மல் வளையல்லாம் கழத்திரணும்" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்து மாடிப்படி வரைக்கும் போன பிறகு செண்பகம், "யக்கா, குடைய உள்ளயே விட்டுட்டேன், நில்லு" என்று திரும்பி ஓடினாள். குடை அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டே உள்ளே போனாள், அதைத் தொங்கவிட்டுக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு நிமிஷம். இல்லை, ஒன்றரை இருக்கும். வந்தவள், "கெடச்சிட்டு" என்றாள். அதற்கு மேல் ஆட்டோவில் வழிநெடுக ஒரு பேச்சும் இல்லை. வழிநெடுகப் பேசாத செண்பகத்தை உலகம்மாள் இந்த ஐம்பத்தைந்து வருஷத்தில் பார்த்ததில்லை. அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கம்மலைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாரே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள், திட்டம் போடுகிறாள் என்று நினைத்தாள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாள். அப்படி நினைப்பதுதான் சௌகரியம். ஒன்றரை நிமிஷத்தில் ஒரு டாக்டர் எவ்வளவு சொல்ல முடியும்? பத்து வாக்கியம் சொல்லலாம். பத்து எதற்கு, ஒன்று போதும். வேண்டாம், கம்மலை நினைப்போம்.

பை திறந்திருக்கும். சின்னக் கவரை எடுத்திருப்பாள். யாரும் பார்க்காத மாதிரி சேலைத் தலைப்பை மடியில் பரப்பி, அதற்கு மேல் கல் இரண்டையும் கொட்டி, ஊதிப் பார்த்திருப்பாள். ஆசாரி இரண்டு பேருக்குமே சொல்லிக் கொடுத்த வித்தைதான். வைரத்தில் வாய்விட்டு ஊதினால் ஆவி நிற்காது, ஊதின மாத்திரத்தில் தெளிந்துவிடும். போலியில் கண்ணாடி மாதிரி கொஞ்ச நேரம் மங்கலாக நிற்கும். ஊதி, எது என்று கண்டுபிடித்து, தன் காதில் இருக்கிற போலியைக் கழற்றி இங்கே வைத்து, இங்கே இருக்கிற வைரத்தை எடுத்து அங்கே மாட்டி, திருகாணியைத் திருகிக்கொண்டு, முடியை ஒதுக்கின மாதிரி ஒரு பாவனை. நாற்பது நிமிஷம் எதற்கு, நாலு நிமிஷம் போதும். அம்மா கம்மல் பன்னிரண்டு வருஷம் கழித்து ஜோடி சேர்ந்துவிடும், செண்பகத்தின் காதில். வெளியே போன உடனே இரண்டையும் ஊதிப் பார்த்துவிட வேண்டும். ஒன்று தெளிந்து ஒன்று மங்கினால் சரி. இரண்டும் மங்கினால்? போலீசுக்கா போவது? மாமாவும் இல்லை, ஆசாரியும் இல்லை. சாட்சிக்கு அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும். அம்மா வந்தாள். வெள்ளைக் குழாய்க்குள் தலைமாட்டில் இடமே இல்லை, இருந்தாலும் எப்படியோ காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள், மூளிக்காது, பின்னால் ஒரு கோர்ட்டு, கோர்ட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜட்ஜ் சொதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாரு வச்சது?" என்று அவர் கேட்க, அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒங்க அம்ம வச்சதுங்க" என்றாள். மாவு மில் சத்தம் பெரிதாகி, அம்மாவின் தலைமுடி, இமை, மூக்கு எல்லாம் வெள்ளையாகி, அவள் மாவுக்குள் மாவாகப் போய்க்கொண்டிருந்தாள். எங்கம்மா போற, சாட்சி சொல்லிட்டுப் போ. உலகம்மாள் கையை நீட்டினாள். நீட்டக் கூடாது என்று எங்கேயோ ஒரு நினைவு. நீட்டிய கை பந்தை அமுக்கிவிட்டது.

மெஷின் நின்றது. இவ்வளவு அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஹெட்போனில் புல்லாங்குழலை வெட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "என்ன ஆன்ட்டி, என்ன செய்யுது?" என்ன செய்கிறது என்று உலகம்மாள் யோசித்தாள். சாட்சி ஓடிவிட்டது என்றா சொல்ல முடியும்? "என் தங்கச்சி வெளிய இருக்காளா?" என்று கேட்டாள். "இருக்காங்களே. கண்ணாடி வழியாத் தெரியுது. கூப்பிடவா?" வேண்டாம், கூப்பிட வேண்டாம், என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னால் போதும். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டும், உள்ளே படுத்தவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். "மடியில ஏதோ வச்சிப் பாத்துட்டு இருக்காங்க. குனிஞ்சி ஊதுற மாதிரி இருக்கு. டீயா இருக்கும் ஆன்ட்டி" என்றாள். பிறகு, "ஆடிட்டீங்க, கடைசி படம் கலைஞ்சிட்டு, அத மட்டும் திரும்ப எடுக்கணும், பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்றாள். டொக் டொக் என்று மறுபடி ஆரம்பித்தது. டீயாம். செண்பகம் டீ குடித்து ஏழு வருஷமாகிறது, சர்க்கரை வந்த அன்றைக்கு விட்டாள், அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கோபத்தில் உடம்பு சூடானது. நல்லதுதான், உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கிறது. கோபம் இருக்கிறவரைக்கும் அந்த இன்னொன்று கிட்டே வராது. ஆனால் பத்து நிமிஷத்துக்குப் போதுகிற கோபம் இல்லை அது. நடுவிலேயே வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் பீரோ வந்தது. பழைய வீட்டு மரப் பீரோ, கீழ்த்தட்டில் ஜமுக்காளம் அடுக்கியிருப்பார்கள். எட்டு வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது அதற்குள் போய் ஒளிந்தாள். செண்பகம் வந்து கதவைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, பேசாமல் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஐந்து வயது. யாரும் அக்காளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தாழ் போட்டாளாம், அப்படித்தான் பிறகு சொன்னாள். போட்டுவிட்டு மறந்து போனாள். சாப்பிட்டாள், தூங்கினாள். உலகம்மாள் முதலில் தட்டினாள், பிறகு அழுதாள், பிறகு ஜமுக்காளத்து வாசனையில் கண் சொக்கிவிட்டது. இருட்டு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், அது அப்போதே தெரிந்துகொண்ட விஷயம். வெளியே தன்னைத் தேடுகிற சத்தம் நின்றுபோனதுதான் பழகவில்லை. பீரோவைத் திறந்தபோது அவளைவிட அதிகமாக அழுதது செண்பகம்தான். அழுத அழுகையில் வலிப்பு மாதிரி வந்து, எல்லோரும் அவளைத்தான் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆரஞ்சு மிட்டாயும் அவளுக்குத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே கிடந்தவளுக்குத் தண்ணீர். ஐம்பது வருஷமாக அந்த மிட்டாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், அழுததை நினைக்கவில்லை என்று உலகம்மாளுக்குத் தோன்றியது. தோன்றியது பிடிக்கவில்லை. படத்தில் ஏதாவது வந்தால் செண்பகம் அப்படித்தான் அழுவாள். இவள் கட்டிலில் கிடப்பாள், வருகிறவர்கள் எல்லோரும் செண்பகத்துக்கு ஆறுதல் சொல்வார்கள், அவளுக்கு ஹார்லிக்ஸ் கலக்குவார்கள். அக்காள் போய்விட்டால் பிறகு அவள் யாரைவிடப் பெரிய பிரிட்ஜ் வாங்குவாள்? யாருக்கு முன்னால் முன்னூறு என்று சொல்வாள்? பாவம் என்று ஒரு வார்த்தை, கேட்காமலே, மனசில் வந்து உட்கார்ந்தது. அதைத் துரத்துவதற்குள் மெஷின் நின்று, பலகை வெளியே நகர ஆரம்பித்தது.

உடை மாற்றுகிற அறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. செண்பகம் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாலிச்சங்கிலியைப் போட்டுவிட்டாள், வளையலை மாட்டினாள், ஈர்க்குச்சியை உருவினாள். கம்மல் கவரைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல், "இன்னா" என்றாள். உலகம்மாள் திரும்பி நின்று ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். தெளிந்தது. அப்பாடா என்று இருந்தது. இருக்கிறது, எடுக்கவில்லை. சும்மா ஒரு பேச்சுக்கு மற்றதையும் ஊதினாள். அதுவும் தெளிந்தது. கண்ணாடிக்குக் கிட்டே போய் இன்னொரு தடவை, நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி ஊதினாள். இரண்டு கல்லும் ஒன்றையொன்று பார்த்துப் பளிச்சென்று சிரித்தன. கண்ணாடியில் பின்னால் நிற்கிற செண்பகம் தெரிந்தாள். அவள் காதில் இரண்டு கல்லும் இருந்தன. அவை எப்படிப்பட்ட கல் என்பது ஊதாமலே உலகம்மாளுக்குத் தெரிந்தது. எடுப்பாள் என்று நினைத்தாள், மாற்றுவாள் என்று நினைத்தாள், கொடுப்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. காப்பைத் தொடாதவள், சொதியை விட்டுக் கொடுக்காதவள், பிள்ளை பேரை விட்டுக் கொடுக்காதவள், அம்மாவின் வைரத்தைச் சும்மா கொடுக்கிறாள் என்றால், அந்த ஒன்றரை நிமிஷத்தில் டாக்டர் என்ன சொன்னார்?

"என் கல்லு எங்கட்டி?" என்றாள் உலகம்மாள்.

"அதான் கையில வச்சிருக்கியே."

"இது ஒன் கல்லு. என் கல்லக் குடு. போலிக்கல்லு."

"இருக்கட்டும்க்கா. ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்." செண்பகத்தின் குரல் கீழே போய்விட்டது. "ஜோடியாப் போட்டுக்கோ. அம்மைக்கு அதான் பிடிக்கும்."

"எதுக்கு? நான் போனப்புறம் ரெண்டையும் சேத்து எடுத்துக்கிடலாம்னா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. செண்பகத்தின் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. "சவத்த, ஒனக்குப் போயி இரக்கப்பட்டேன் பாரு" என்று காதிலிருந்து ஒரு கம்மலைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தாள். அந்தக் கோபத்தைப் பார்த்தபோது உலகம்மாளுக்கு உடம்பில் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டு வைரத்தையும் காதில் போட்டுக்கொண்டால் தங்கச்சியோடு சண்டை போட இனி ஒன்றுமில்லை. அந்த நிலைக்குப் போக அவள் தயாராக இல்லை, படத்தில் என்ன வந்தாலும் சரி. ஒரு வைரத்தைச் செண்பகத்தின் இடுப்புச் செருகலில் திணித்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். திருகாணி கழன்ற வேகத்தில் கல் துள்ளி, கதவுக்கு அடியில் புகுந்து, வெளியே நாற்காலிகள் பக்கம் உருண்டது.

வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரியும் ஐம்பத்தைந்து வயதுக்காரியும் அந்த அறையிலிருந்து குனிந்தபடியே வந்தார்கள். "என்ன தொலஞ்சிட்டு ஆன்ட்டி?" என்று ஸ்கேன்காரப் பெண் ஓடி வந்தாள். "வைரம்" என்றாள் செண்பகம், கண் இமைக்காமல். உலகம்மாள் மறுத்துப் பேசவில்லை. கையில் கட்டுப் போட்டவர் ஒருவர் ஒற்றைக் கையால் நாற்காலியை நகர்த்தினார். வாட்ச்மேன் வாசலை மறித்து நின்றுகொண்டார். யாரோ செல்போனில் லைட் அடித்தார்கள். அக்காளும் தங்கச்சியும் நாற்காலிகளுக்கு அடியில் முட்டிபோட்டு, இரண்டு பக்கமிருந்து ஊர்ந்து வந்து நடுவில் முகத்துக்கு முகம் நின்றார்கள். தரை டெட்டால் வாசனை அடித்தது. மேலே நாலைந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், கீழே பேசினால் யாருக்கும் கேட்காது.

"குடை எடுக்கப் போனியே, டாக்டர் என்ன சொன்னாரு?"

செண்பகம் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "கட்டியா இருக்கலாம்னாரு. இல்லாமலும் போவலாம்னாரு. நாளைக்குச் சாயங்காலம் தெரியுமாம்."

அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. உலகம்மாள் அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"சரி" என்றாள். "அழுதுகிட்டே தேடுனா கண்ணு தெரியாது. நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கேன்."